உச்சி வெயிலில் மல்லாட்டைச் செடி என்ன செய்கிறது?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், ‘வேலூரில் 106 டிகிரி’, ‘வேலூரில் 108 டிகிரி’ என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடும். மற்ற பலவற்றில் பாரன்ஹீட்டைக் கைவிட்டாலும் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் நாம் அதை விடவில்லை. ‘சதம் அடித்தது வெயில்’ என்று எழுதுகிற சுகம் செல்சியஸில் கிடைக்காதே. 108 என்றால் 42 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே. அந்த நேரத்தில் ஆள்கள் வீட்டுக்குள், மாடுகள் புளியமரத்தடியில். இருந்த இடத்திலேயே நின்று அதை வாங்கிக்கொள்வது செடிகொடிகள்தான், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை உட்பட.

பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை ஒரே ஒரு சமன்பாடு. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஒரு பக்கம், சர்க்கரையும் ஆக்சிஜனும் மறு பக்கம், அம்புக்குறிக்கு மேலே சூரிய ஒளி. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு ஒளி, என்ன சூடு, மண்ணில் எவ்வளவு ஈரம் என்றெல்லாம் அந்த அம்புக்குறி சொல்லாது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வெயில் ஏற ஏறச் செடிக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். வேலூரைச் சுற்றிய வட ஆர்க்காட்டு நிலத்தில் நடப்பது ஏறக்குறைய நேர்மாறு. இங்கே செடிக்கு வெளிச்சத்தில் பஞ்சமே கிடையாது, பஞ்சமெல்லாம் தண்ணீரில். தண்ணீர் போதாதபோது, பிடித்த வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் போகிறது. செலவாகாத வெளிச்சம் இலையையே அரிக்கிறது. அதனால் இந்த ஊர்ச் செடியின் திறமை வெளிச்சத்தைப் பிடிப்பதில் இருப்பதைக் காட்டிலும் அதைத் தள்ளிவிடுவதில்தான் அதிகம் தெரிகிறது.

மேகமில்லாத உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. மல்லாட்டை, நெல், கத்திரி, மா, தென்னை இவற்றின் ஒற்றை இலை அதில் கால் பங்கிலிருந்து பாதிக்குள் கிடைத்தாலே நிறைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் சர்க்கரை கூடாது. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாத நாள்கள் அவை. முதலாவது கத்திரி வெயிலுக்குச் சற்று முன்னால் வரும். இரண்டாவது வரும்போது, ஆனியில் விதைத்த மல்லாட்டை பூ எடுத்து விழுது இறக்கிக்கொண்டிருக்கும்.

பச்சையத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வருகிற ஒளியை வேண்டாம் என்று சொல்ல அதற்குத் தெரியாது. பிடித்த ஆற்றலை அடுத்த கட்டம் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன்மேல் இறங்கும். அப்படி உசுப்பிவிடப்பட்ட ஆக்சிஜன் கொழுப்பு, புரதம், நிறமி என்று எதிர்ப்பட்டதையெல்லாம் சிதைக்கும். முதலில் அடிபடுவது, ஒளியைப் பிடிக்கும் அமைப்பின் நடுவே இருக்கும் டி1 என்ற புரதம். கடும் வெயிலில் அது ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பெரிது. பழுதானதைக் கழற்றிப் புதிதாகச் செய்து பொருத்துவது பகல் முழுக்க ஓயாமல் நடக்கும் வேலை. பழுது பார்க்கும் வேகத்தைப் பழுதாகும் வேகம் மிஞ்சினால் இலை வெளுத்துப்போகும்.

இலையை மடிக்கும் வித்தை

ஆவணியில் மழை இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கும் சமயமாகப் பார்த்து, காட்பாடியைத் தாண்டி ஏதாவது ஒரு மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டைச் செடி பக்கத்தில் குந்திப் பாருங்கள். ஒரு காம்புக்கு நான்கு சிற்றிலைகள், இரண்டு ஜோடியாக இருக்கும். காலை எட்டு மணிக்கு நான்கும் தட்டையாக விரிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற, ஒவ்வொரு ஜோடியும் மெல்ல மேல்நோக்கி எழும். பன்னிரண்டு மணிக்குள் இரண்டு சிற்றிலைகளின் மேற்புறமும் ஒன்றையொன்று நெருங்கி, விளிம்பு மட்டும் சூரியனைப் பார்க்க நிற்கும். காலையில் இலை மூடியிருந்த செம்மண் இப்போது செடிக்குச் செடி இடையில் பளிச்சென்று தெரியும்.

‘இலை மடிச்சிக்கிச்சு, தண்ணி கேக்குது’ என்பார்கள் கொல்லைக்காரர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வாடல் மாதிரிதான் இருக்கும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வாடிய இலை விரலில் துவளும், இது விறைப்பாக நிற்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அதன் பின்னாலேயே தண்ணீரையும் இழுத்துப் புடைக்கும். எதிர்ப்பக்கத்துச் செல்கள் சுருங்கும். இலை எழுந்துவிடும். பொழுது சாய்ந்ததும் மல்லாட்டை இலை கூம்புவது, புளிய இலை மூடுவது, தூங்குமூஞ்சி மரம் தூங்குவது எல்லாம் இதே உறுப்பின் வேலைதான். இரவில் தூங்குவதற்கென்று இருந்த கருவியை மல்லாட்டை மதியத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறது.

இதனால் என்ன லாபம் என்றால், தரையிலிருந்து 60 டிகிரி நிமிர்ந்த இலையில் உச்சிச் சூரியனின் ஒளி பாதிதான் படும். 80 டிகிரி நிமிர்ந்தால் ஆறில் ஒரு பங்கு. இலையின் சூடும் கூடவே குறையும். மழை பெய்து மண் நனைந்த பிறகு போய்ப் பார்த்தால், அதே செடி அதே உச்சி வெயிலில் இலையை விரித்து வைத்திருக்கும். வெயில் குறையவில்லை. அதைச் செலவழிக்கத் தண்ணீர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இலையை அசைக்க முடியாத செடிகள் இதே காரியத்தை இலைக்குள்ளே செய்கின்றன. பச்சையத்தைத் தாங்கியிருக்கும் பசுங்கணிகங்கள் செல்லுக்குள் நகரக்கூடியவை. காலை இளவெயிலில் மேற்பரப்பையொட்டிப் பரவி நிற்கும். நீல ஒளி மிஞ்சிவிட்டது என்று தெரிந்ததும் பக்கச் சுவர்களுக்கு ஒதுங்கி, ஒன்றன் நிழலில் ஒன்று நின்றுகொள்ளும். எருக்கஞ்செடி வேறு வழி பிடித்திருக்கிறது. அதன் இலைமேல் இருக்கும் சாம்பல் வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வறட்சிக் காலத்தில் பயிர்மேல் கயோலின் களிமண்ணைக் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார்களே, அது எருக்கிடம் இருப்பதைப் பயிருக்குக் கடன் கொடுக்கிற வேலை.

இலைக்குள் ஒரு கலங்கல்

மடித்தும் ஒதுங்கியும் பார்த்த பிறகும் மிஞ்சுகிற ஒளியை என்ன செய்வது? ஏரி நிறைந்தால் கரை உடையாமல் இருக்கக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் ஓடிப்போகிற மாதிரி, இலையிலும் உபரி ஆற்றல் வெப்பமாக ஓடிப்போக ஒரு வழி இருக்கிறது.

அது திறக்கும் விதம் அழகானது. ஒளி அதிகமாகி வேலை தேங்கும்போது, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் மெல்லிய பைகளுக்குள்ளே அமிலத்தன்மை கூடும். அந்தப் புளிப்பே அடையாளம். அது தட்டுப்பட்டதும் வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி ஜியாசாந்தினாக மாறும். மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதும் இதே ஜியாசாந்தின்தான். அதுவும் ஒரு துணைப் புரதமும் சேர்ந்து, பச்சையம் பிடித்த ஆற்றலை வேதிவேலைக்குப் போகவிடாமல் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். வேலை தொடங்குவது நொடிகளில், முழுதாக வேகம் பிடிக்கச் சில நிமிடங்கள்.

சிக்கல் மூடுவதில் இருக்கிறது. ஒரு மேகம் வந்து மறைத்ததும் ஒளி சட்டென்று குறைந்துவிடும். ஆனால் ஜியாசாந்தின் மறுபடி வயலாசாந்தினாக மாறப் பல நிமிடங்கள், சில நேரம் அரை மணிக்கு மேலும் ஆகும். அதுவரை, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகச் சூடாகிப் போகும். இந்தத் தாமதத்தைக் குறைத்தால் என்ன என்று அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஆய்வாளர்கள் யோசித்தார்கள். 2016இல் மூன்று மரபணுக்களை முடுக்கிவிட்ட புகையிலைச் செடிகள் வயலில் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக வளர்ந்தன. 2022இல் சோயாவில் செய்தபோது விளைச்சல் ஒரு பருவத்தில் கால் பங்கு அளவுக்குக் கூடியது. அடுத்த பருவத்தில் பயிர் சாய்ந்துவிட்டதால் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் இதையே செய்தபோது வளர்ச்சி குறையத்தான் செய்தது. தாமதம் முழுக்க முழுக்கக் குறைபாடு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மேகம் சடசடவென்று வந்துபோகும் ஐப்பசி வானத்துக்கு வேகமான கலங்கல் நல்லது. மேகமே இல்லாத வைகாசிக்கு அதனால் பெரிய லாபம் இருக்காது.

தண்ணீருக்கு விலை

ஒளியைச் செலவழிக்கக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அது வருவது இலைத்துளை வழியாக. தண்ணீர் ஆவியாகிப் போவதும் அதே துளை வழியாக. காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 420 பங்கு சொச்சம்தான். இலைக்குள்ளேயோ ஈரம் ததும்புகிறது. இந்தப் பண்டமாற்று ஒரு நாளும் சம அளவில் நடக்காது. நெல், மல்லாட்டை போன்ற செடிகள் ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு வாங்க 400 முதல் 500 கிராம் தண்ணீரைக் கொடுக்கின்றன. அதுவும் சராசரிக் கணக்கு. பாலாற்று மணலும் சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகளும் காய்ந்து அனல் வீசும் மதியத்தில் அதே ஒரு கிராமுக்கு விலை இன்னும் ஏறும்.

அதனால் வறட்சியில் செடி காலையிலேயே கடையை நடத்திவிட்டு மதியம் சாத்திவிடும். மண் காய்வதை உணர்ந்த செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். துளையின் இரு பக்கமும் இருக்கும் காப்புச் செல்கள் அதைக் கண்டதும் பொட்டாசியத்தை வெளியேற்றித் தளர்ந்துவிடும், துளை மூடும். அளந்து பார்த்தால் ஒளிச்சேர்க்கை காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் உச்சத்துக்குப் போய், நடுப்பகலில் சரிந்து, நாலு மணிக்கு மேல் லேசாகத் தலைதூக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் வேலை பள்ளத்தில்.

துளை மூடியதால் வியர்வை நின்று இலை சூடேறும். சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடிவிடலாம். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் தீர்ந்துபோகும். இந்த இரண்டும் சேர்ந்து ரூபிஸ்கோ என்ற என்சைமின் பழைய பலவீனத்தைக் கிளறிவிடும். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரைக்கு அடித்தளம் போடுவது ரூபிஸ்கோதான். உலகில் இவ்வளவு மலிந்து கிடக்கும் புரதம் வேறு இல்லை என்பார்கள். மலிந்து கிடக்கக் காரணம் அது சோம்பேறி. நொடிக்கு இரண்டு மூன்று மூலக்கூறுகளைத்தான் கையாளும். ஆள் அடையாளமும் சரியாகத் தெரியாது. 25 டிகிரி செல்சியஸிலேயே மூன்று நான்கு முறைக்கு ஒரு முறை ஆக்சிஜனைத் தவறிப் பிடித்துவிடும். சூடு கூடக்கூட இந்தத் தவறும் கூடும். தவறிப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி ஆற்றலைச் செலவழித்து, ஏற்கெனவே சேர்த்த கார்பனிலும் கொஞ்சத்தை இழக்கிறது. ஒளிச்சுவாசம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இதை வெறும் நஷ்டம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. துளை மூடிக் கிடக்கும் மதியத்தில் உபரி ஆற்றல் செலவாக ஒளிச்சுவாசமும் ஒரு வழி. செடி அந்த நேரத்தில் வளரவில்லை, ஆனால் கருகவும் இல்லை.

சூடு இன்னும் ஏறினால் ரூபிஸ்கோவைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும் உதவிப் புரதம் ஒன்று படுத்துவிடும். ரூபிஸ்கோ தாங்கும் சூட்டை அது தாங்காது. பெரும்பாலான செடிகளில் 35 டிகிரியைத் தாண்டி இலை சூடேறும்போதே அது தடுமாறத் தொடங்குகிறது. ஆனால் படிப்படியாக வெப்பத்துக்குப் பழகிய செடியில் கதை கொஞ்சம் மாறும். சில நாள்களில் செடி தன் சவ்வுகளின் கொழுப்பை மாற்றி அமைக்கும், வெப்பக் காப்புப் புரதங்களைச் சேர்த்து வைக்கும், ஒளிச்சேர்க்கைக்கு உகந்த வெப்பநிலையே சில டிகிரி மேலே நகரும். பங்குனியிலிருந்தே மெல்ல ஏறி வரும் வெயிலும், குளுகுளுவென்று இருந்த வாரத்துக்கு நடுவில் திடீரென்று அடிக்கும் வெயிலும் ஒரே 108 டிகிரி பாரன்ஹீட்டைக் காட்டலாம். செடிக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்தத் தொல்லையிலிருந்து ஒரு கூட்டம் பரம்பரையாகவே தப்பிவிட்டது. கேழ்வரகு, சோளம், கம்பு, கரும்பு, ஜவ்வாது மலையின் சாமை, வரப்பில் கிடக்கும் அறுகு, கீரைப்பாத்தியின் தண்டுக்கீரை எல்லாம் சி4 வகை. ரூபிஸ்கோவை இலை நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் வைத்துவிட்டு, வெளிச் செல்களில் ஆக்சிஜன் பக்கமே திரும்பாத வேறொரு என்சைமை நிறுத்தியிருக்கின்றன. அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக்கி உள்ளே அனுப்பும். உள்ளே அது மறுபடி வாயுவாகிச் செறிந்து நிற்பதால் ரூபிஸ்கோ தவறு செய்ய வாய்ப்பு மிகக் குறைவு. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கரும்பில் இந்தப் பாதையை விளக்கினார்கள். தண்ணீர்ச் செலவு கிராமுக்கு 250, 300 என்று இறங்கிவிடும். மல்லாட்டை இலையை மடித்துக்கொண்டு நிற்கும் மதியத்தில் பக்கத்துக் கொல்லைக் கேழ்வரகு வேலை செய்துகொண்டிருப்பது இதனால்தான். பூச்செடி இனங்களில் சி4 சுமார் 3 விழுக்காடுதான், ஆனால் நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றுடையது.

சி4 என்றால் வறட்சி தாங்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது. தண்ணீரைக் குடிப்பதில் கரும்பை மிஞ்ச ஆள் உண்டா? வளர்கிற அளவுக்குக் குறைவாகக் குடிக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

மரமில்லா மலையில் இரவு வேலை

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். மரம் இல்லைதான். ஆனால் அந்தப் பாறை இடுக்குகளில் சப்பாத்திக்கள்ளி இருக்கிறது, பிரண்டை படர்கிறது, கல்முளையான் முளைக்கிறது. இவை பகலில் துளையைத் திறப்பதே இல்லை என்று சொல்லலாம். இரவில் திறந்து, குளிர்ந்த காற்றில் கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லின் பெரிய பைகளில் சேர்த்து வைக்கும். விடிந்ததும் துளையைச் சாத்திவிட்டு, சேர்த்து வைத்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து, மூடிய இலைக்குள்ளேயே சர்க்கரை செய்யும். தண்ணீர்ச் செலவு கிராமுக்கு 50 முதல் 100 கிராம். இதைக் கேம் வகை என்கிறார்கள்.

இதை நாக்கால் கண்டுபிடித்தவர் ஒருவர் நம் பக்கத்துக்காரர் என்றே சொல்லலாம். தரங்கம்பாடிக்கு மதப்பணிக்காக வந்து, பிறகு மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு என்று அவர் லண்டனுக்கு எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. ஏன் அப்படி என்பது முழுதாக விளங்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இலையைக் கிள்ளிப் போட்டால் விளிம்பிலிருந்து குட்டிச் செடிகள் கிளம்புமே, பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் வைத்து வேடிக்கை பார்க்குமே, அதே ரணகள்ளிதான்.

பிரண்டையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாலு பட்டையான அதன் தண்டு கேம் வகை. அதே கொடியின் இலை, நெல், மல்லாட்டை போலச் சாதாரண சி3 வகை. மழை பெய்து ஈரம் இருக்கும்போது மென்மையான இலைகளை விட்டு மளமளவென்று வளரும். ஈரம் போனதும் இலையை உதிர்த்துவிட்டு, தண்டை மட்டும் வைத்துக்கொண்டு இரவு வேலைக்கு மாறிவிடும். துவையல் அரைப்பவர்கள் கவலைப்படும் நாக்கரிப்புக்கும் இந்த அமிலத்துக்கும் சம்பந்தமில்லை, அது கால்சியம் ஆக்சலேட் ஊசிகளின் வேலை.

பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தண்ணீர் கிடைக்கும் வரை கேழ்வரகைப் போல சி4 ஆக இருக்கும். வறட்சி கண்டால் அதே இலையில் கேம் வேலையையும் தொடங்கிவிடும். இந்த இரண்டும் இலைக்குள் தனித்தனி இடத்தில் நடக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2022இல் வந்த ஆய்வு, இரண்டும் ஒரே செல்லுக்குள் பின்னிப்பிணைந்து நடப்பதைக் காட்டியது. மழை வந்ததும் பழையபடி ஆகிவிடும். வேலையாள் வைத்துக் களையாகப் பிடுங்கிப் போடும் செடிக்கு இவ்வளவு சாமர்த்தியம்.

தண்ணீருக்குள்ளேயே இருப்பவையும் இதற்கு விலக்கில்லை. புனலைக் கவிழ்த்துச் சோதனைக் குழாயில் குமிழி எண்ணினோமே, அந்த ஹைட்ரில்லா வெதுவெதுப்பான, கார்பன் டை ஆக்சைடு குறைந்த ஏரித் தண்ணீரில் சி3 இலிருந்து சி4 க்குத் தாவும், அதுவும் அந்த உறைச் செல் அமைப்பே இல்லாமல். கோடைக்கால ஹைட்ரில்லாவும் குளிர்கால ஹைட்ரில்லாவும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வதை ஜகதீஷ் சந்திர போஸ் 1920களிலேயே குறித்து வைத்திருக்கிறார்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறதே, சி3 பயிர்களுக்கு அது நல்லதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. ஓரளவு நல்லதுதான். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. துளையைக் குறைவாகத் திறந்தால் போதும், ரூபிஸ்கோவின் தவறும் குறையும். ஆனால் இலையில் சர்க்கரை தேங்க ஆரம்பித்ததும் செடி ரூபிஸ்கோவையே குறைத்துக்கொள்ளும். அப்படி விளைந்த நெல்லில் புரதமும் துத்தநாகமும் குறைவதையும் அளந்திருக்கிறார்கள். அப்புறம், வெயிலின் அடி இலையில் மட்டும் விழுவதில்லை. பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லின் மகரந்தம் மலடாகும். இலை எவ்வளவுதான் சமாளித்துச் சர்க்கரை செய்தாலும் வாங்கிக்கொள்ள மணி இருக்காது. இலையை மட்டும் வைத்து விளைச்சலைக் கணிப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

நாற்றங்கால் இலையும் வயல் இலையும்

இதுவரை சொன்னதெல்லாம் நொடி, மணி, நாள் கணக்கில் நடப்பவை. ஒரு மாற்றத்துக்கு மட்டும் புது இலையே வர வேண்டும். மாமரத்தின் உச்சிக் கிளையிலிருந்து ஒரு இலை, உள்பக்க நிழலிலிருந்து ஒரு இலை பறித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெயில் இலை சிறியது, தடிப்பானது, வெளிர் பச்சை. அதற்குள் ரூபிஸ்கோ அதிகம், ஜியாசாந்தினாக மாறும் நிறமியும் அதிகம். நிழல் இலை அகலமானது, மெல்லியது, கரும்பச்சை. கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பிடிக்கப் பச்சையத்தில் முதலீடு செய்திருக்கிறது. ஒரு இலை எந்த வகை என்பது அது விரியும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடும். முற்றிய நிழல் இலை நிறமியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், தடிப்பாக முடியாது. இளந்தளிருக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. மாந்தளிரும் வேப்பந்தளிரும் செம்பு நிறத்தில் வருவது, பச்சையம் முழுதாக அமையும் வரை வெயிலை வடிகட்ட.

நர்சரியில் ஐம்பது விழுக்காடு நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த மாங்கன்றை வாங்கி வந்து, கோடையில் வெட்டவெளியில் நட்டால் என்ன ஆகும் என்று இப்போது ஊகிக்கலாம். அதில் இருப்பதெல்லாம் நிழல் இலை. கலங்கல் சிறியது, பழுது பார்க்கும் வேகம் குறைவு, வேர் இன்னும் மண்ணைப் பிடிக்காததால் துளையும் மூடியே இருக்கும். நாலைந்து நாளில் இலைகளின் நடுப்பகுதி வெளுத்து, பிறகு பழுப்பாகக் கருகும். ‘கன்னு செத்துப்போச்சு’ என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

நடுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு படிப்படியாக வெளியே நகர்த்தினால் இந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதற்குள் ஒரு தளிர் விட்டுவிட்டால் இன்னும் நல்லது, அது வெயில் இலையாகவே விரியும். நேரம் இல்லையென்றால் நட்ட கன்றுக்கு மேற்குப் பக்கமாகத் தென்னங்கீற்று ஒன்றைச் சாய்த்து ஊன்றி வைக்கலாம். ஏற்கெனவே கருகிவிட்ட கன்றாக இருந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கருகிய இலைகளைக் கிள்ளாமல் அப்படியே விட்டு, ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுனியில் செம்பு நிறத்தில் தளிர் வந்துவிட்டால் கீற்றை எடுத்துவிடலாம்.